லீவர் ஆக்‌ஷன் கார்பைனா, கைத்துப்பாக்கியா? நம்ம ஊர் சட்டம் எதுக்கு வழிவிடுது? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வாசிகளுக்கு ஒரு விளக்கம்

2024 ஏப்ரலில் ஆவடி அருகே முத்தாபுதுப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்த நகைக்கடைக் கொள்ளையை மேற்குப் புறநகர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காரில் வந்த கும்பல், கடை உரிமையாளரைத் துப்பாக்கி முனையில் மிரட்டிக் கட்டிப்போட்டு, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய் மதிப்புள்ள நகைகளோடு தப்பியது.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் வரும் கேள்வி ஒன்றுதான்: "கடைக்காரர்கிட்டயும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தா?"

அப்படிக் கேட்கும்போது எல்லோர் மனதிலும் வருவது இடுப்பில் செருகும் ரிவால்வர் அல்லது பிஸ்டல். ஆனால், தனிநபர் துப்பாக்கி பரவலாக உள்ள நாடுகளில் அனுபவசாலிகள் பலர் சொல்லும் பதில் வேறு. கைத்துப்பாக்கியைவிடத் தோளில் வைத்துச் சுடும் சின்ன ரைபிள்தான், குறிப்பாக லீவர் ஆக்‌ஷன் கார்பைன்தான், சாதாரண ஆளுக்கு வசதி என்பார்கள். 150 வருடப் பழைய தொழில்நுட்பத்துக்கு இன்னும் ஏன் இந்த மவுசு? அது இந்தியாவில் கிடைக்குமா? நம் சட்டம் இந்த இரண்டையும் எப்படிப் பார்க்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

கார்பைன்னா என்ன?

ரைபிளின் குட்டை வடிவம்தான் கார்பைன். குதிரையில் போகும் வீரர்களுக்கு நீளமான ரைபிள் இடைஞ்சலாக இருந்ததால், குழலைக் குறைத்துச் செய்தார்கள். அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

நம்ம ஊர் செய்திகளில் "கார்பைன் ஏந்திய போலீஸ்" என்று வருவது வேறு ரகம். கான்பூர் தொழிற்சாலையில் தயாரான 9 எம்.எம். ஸ்டெர்லிங் ரகக் கார்பைனைத்தான் போலீஸார் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும். ஆவடியில் பயிற்சி மையம் வைத்திருக்கும் சி.ஆர்.பி.எஃப். போன்ற படைகளிடம் இப்போது ஜே.வி.பி.சி. என்ற புதிய ரகமும் உண்டு. தானாகத் தொடர்ந்து சுடும் இந்த வகை எதுவும் பொதுமக்களுக்குக் கிடையாது. சட்டத்தில் அவை தடை செய்யப்பட்ட ஆயுதங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். 2025 தீபாவளி சமயத்தில் மத்தியப் பிரதேசத்தில் பலரின் கண்ணைப் பாதித்ததே, "கார்பைடு கன்"? அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது பிளாஸ்டிக் குழாயில் கால்சியம் கார்பைடு போட்டு வெடிக்கவைக்கும் ஆபத்தான விளையாட்டுச் சாமான்.

லீவரை இழுத்தா என்ன நடக்கும்?

1991-ல் வந்த 'டெர்மினேட்டர் 2' படத்தில் பைக் ஓட்டிக்கொண்டே அர்னால்டு ஒரு துப்பாக்கியை ஒற்றைக் கையில் சுழற்றிச் சுடுவாரே, அதுதான் லீவர் ஆக்‌ஷன். (அது ஷாட்கன் ரகம். வேலை செய்யும் விதம் ஒன்றுதான். தயவுசெய்து யாரும் அப்படிச் சுழற்றிப் பார்க்க வேண்டாம்.)

விசையைச் சுற்றி இருக்கும் வளையமே நீண்டு ஒரு கைப்பிடி போல இருக்கும். அதை முன்பக்கம் தள்ளினால், சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழும். பின்னால் இழுத்து மூடினால், குழலுக்குக் கீழே உள்ள குழாயிலிருந்து அடுத்த தோட்டா மேலேறி உள்ளே போய் உட்காரும். ஒவ்வொரு முறையும் கையால் இதைச் செய்தால்தான் அடுத்த குண்டு. தானியங்கி சமாச்சாரம் எதுவும் இல்லை.

இதைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம். அதன் 1873 மாடலும், ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1892, 1894 மாடல்களும் உலகம் முழுக்கப் போயின. 1894 மாடல் மட்டும் 70 லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஹாலிவுட் கௌபாய் படங்களில் குதிரைச் சேணத்தில் செருகியிருப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

1873 மாடல் ஓடியதற்கு முக்கியக் காரணம் தோட்டா. அது பயன்படுத்திய .44-40 என்ற அதே தோட்டாவில் சுடும் ரிவால்வரை கோல்ட் நிறுவனம் சில ஆண்டுகளில் கொண்டுவந்தது. இடுப்பில் ஒன்று, குதிரையில் ஒன்று, பையில் ஒரே வகைத் தோட்டா. கடைகளே அபூர்வமாக இருந்த பகுதியில் அது எவ்வளவு பெரிய வசதி! இன்றும் .357 மேக்னம் போன்ற ரிவால்வர் தோட்டாக்களுக்கு லீவர் கார்பைன்கள் தயாராவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

கைத்துப்பாக்கியைவிட இது ஏன் சுலபம்?

கைத்துப்பாக்கியைச் சுடுவது சினிமாவில் பார்ப்பது போல் எளிதல்ல. நீட்டிய இரண்டு கைகளின் முனையில் அது தொங்குகிறது. பயத்தில் கை நடுங்கும், விசையை இழுக்கும்போது முனை லேசாகத் திரும்பும். அந்த 'லேசாக' என்பதே பத்து மீட்டரில் ஒரு அடி விலகலாகிவிடும்.

கார்பைனுக்கு நான்கு பிடிமானங்கள். கட்டை தோளில் ஊன்றியிருக்கும், கன்னம் அதன் மேல் படிந்திருக்கும், ஒரு கை விசையில், இன்னொரு கை குழலுக்குக் கீழே. எடையும் சுமார் மூன்று கிலோ. அந்த எடையே ஆட்டத்தைக் குறைக்கும், சுடும்போது வரும் உதையையும் வாங்கிக்கொள்ளும். முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள இடைவெளி ரிவால்வரில் ஒரு சாண்கூட வராது. கார்பைனில் அதைவிடப் பல மடங்கு. குறி பார்ப்பதில் தவறு வந்தால் கண்ணுக்கே தெரியும்.

இன்னொரு விஷயம் வேகம். ஒரே .357 தோட்டாவை நான்கு அங்குல ரிவால்வரில் சுட்டால் விநாடிக்கு சுமார் 380 மீட்டர் வேகத்தில் போகும். 18 அங்குலக் கார்பைனில் அதுவே 550 மீட்டர் வரை எட்டும். நீண்ட குழலில் வெடிமருந்துப் புகை அதிக நேரம் குண்டைத் தள்ளுகிறது. அவ்வளவுதான் ரகசியம். ஆற்றல் கணக்கில் இது ஏறக்குறைய இரட்டிப்பு. தோட்டா ஒன்றுதான், மாறியது குழல் மட்டும்தான்.

அப்ப கைத்துப்பாக்கிக்கு என்னதான் பலம்?

மறைக்கலாம். எப்போதும் கூடவே வைத்துக்கொள்ளலாம். ஒரு கையால் கதவைத் திறந்தபடி மறு கையில் பிடிக்கலாம். சீருடை போட்ட போலீஸ் அதிகாரிக்கு இந்த வசதி தேவை. அதனால்தான் அவர் இடுப்பில் அது இருக்கிறது.

ஆனால், மறைக்க முடிகிற வசதி கொள்ளையனுக்கும் தேவை. முத்தாபுதுப்பேட்டையில் வாடிக்கையாளர் போலக் கடைக்குள் போகிறவன் தோளில் ரைபிளை மாட்டிக்கொண்டு போக முடியாது. உலகம் முழுக்க அரசாங்கங்கள் கைத்துப்பாக்கியைக் கூடுதல் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான்.

குட்டையான ஆயுதத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கைகலப்பில் அது யார் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2017 டிசம்பர் 13-ம் தேதி, மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் ராஜஸ்தானில் உயிரிழந்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைப் பிடிக்கப் போன இடத்தில் மோதல் வெடித்தது. அவரது கைத்துப்பாக்கியிலிருந்தே, உடன் சென்ற சக அதிகாரி சுட்டபோது தவறுதலாகக் குண்டு பாய்ந்தது என்று ராஜஸ்தான் போலீஸ் விசாரணையில் கூறப்பட்டது. முறையாகப் பயிற்சி பெற்ற, ஆண்டுக்கணக்கில் துப்பாக்கியோடு பழகிய அதிகாரிகளுக்கே இந்த நிலைமை. வருடத்துக்கு ஒரு தடவை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து வைக்கும் கடைக்காரருக்கு?

வெளிநாட்டுச் சட்டங்கள் எப்படி?

பிரிட்டனில் 1996-ல் டன்பிளேன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு, 1997-ல் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. அங்கே அளவுகோலே நீளம்தான்: குழல் 30 செ.மீ.க்குக் குறைவாகவோ மொத்த நீளம் 60 செ.மீ.க்குக் குறைவாகவோ இருந்தால் 'குட்டை ஆயுதம்'. அதற்கு முன்பே 1988-ல் பெரிய தோட்டா செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களும் தடை செய்யப்பட்டிருந்தன. ஆக, ரிவால்வர் தோட்டாவில் குறிபார்த்துச் சுட ஆசைப்பட்டவர்களுக்கு மிஞ்சியது லீவர் ஆக்‌ஷன் கார்பைன். பிரிட்டன் கிளப்புகளில் இன்று அது பரவலாக இருப்பதற்கு கௌபாய் மோகத்தைவிடச் சட்டம்தான் பெரிய காரணம்.

கனடாவும் 2022 அக்டோபரில் தனிநபர்களுக்கிடையே கைத்துப்பாக்கி விற்பதையும் வாங்குவதையும் முடக்கியது. லீவர் ரைபிள்கள் அந்த முடக்கத்தில் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் லீவர் ரைபிளுக்கு நடுத்தரக் கட்டுப்பாடுதான். ஆனால், வேகமாகச் சுடும் லீவர் ஷாட்கன் ஒன்று சந்தைக்கு வரப்போனபோது பெரிய சர்ச்சை வெடித்து, அந்த ரகத்தை மட்டும் கடுமையான பிரிவுக்கு மாற்றினார்கள். பழைய தொழில்நுட்பம் என்பதற்காக அதைச் சாதுவான ஆயுதம் என்று யாரும் நினைக்கவில்லை.

இங்கதான் நம்ம சட்டத்தில் ஒரு ட்விஸ்ட்

இந்தியாவில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம்தான் அடிப்படை. அதன் 13-வது பிரிவின் 3-வது உட்பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. அதில் இரண்டு கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு: குழலின் உட்புறம் வழுவழுப்பாக, அதாவது ரைபிள் போல முறுக்குப் பள்ளங்கள் இல்லாமல், 20 அங்குலத்துக்குக் குறையாத நீளமுள்ள துப்பாக்கி. இந்தியக் குடிமகன் பாதுகாப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ இதைக் கேட்டால், மறுக்கக் காரணம் எதுவும் இல்லாதபட்சத்தில் லைசென்ஸ் தர வேண்டும் என்பதே சட்டத்தின் தொனி. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவரும் இந்தக் கதவு வழியாகத்தான் வருகிறார்.

இரண்டாவது கதவு: மற்ற எல்லாம். ரிவால்வர், பிஸ்டல், ரைபிள். இங்கே "தகுந்த காரணம் இருக்கிறது" என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டுமே லைசென்ஸ்.

லீவர் ஆக்‌ஷன் கார்பைன் எந்தக் கதவு? நீளமான துப்பாக்கிதானே, முதல் கதவு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அதன் குழலில் முறுக்குப் பள்ளம் இருக்கிறது. அதனால் அதுவும் ரிவால்வரோடு சேர்ந்து இரண்டாவது வரிசையில்தான் நிற்க வேண்டும். பிரிட்டனில் கைத்துப்பாக்கிக்கு மாற்றாகக் கிடைக்கும் சலுகை இங்கே அதற்கு இல்லை. நம் சட்டம் தேர்ந்தெடுத்த 'நீளத் துப்பாக்கி' 12 போர்தான்.

நீளத்தை இந்தச் சட்டம் எவ்வளவு முக்கியமாக நினைக்கிறது என்பதற்கு 6-வது பிரிவே சாட்சி. லைசென்ஸ் உள்ள துப்பாக்கியாக இருந்தாலும் அதன் குழலை அறுத்துக் குட்டையாக்குவது தனிக் குற்றம். அறுத்தால் மறைக்கலாம். அந்த மறைக்கிற வேலையைத்தான் சட்டம் தடுக்கிறது.

முதல் கதவு என்றால் கையெழுத்துப் போட்டதும் கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் சரியில்லை என்று கருதினால் 14-வது பிரிவின்படி மறுக்கலாம். துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல என்று நீதிமன்றங்களும் பலமுறை சொல்லியிருக்கின்றன. அதே 14-வது பிரிவில் இன்னொரு வரியும் உண்டு: சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது. பணக்காரர் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம்.

சரி, லீவர் கார்பைன் இங்கே கிடைக்குமா?

புதிதாக வாங்குவது நடைமுறையில் நடக்காத காரியம். 1980-களின் நடுப்பகுதியிலிருந்து தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டுவிட்டது. தேசிய, சர்வதேச அளவில் பெயர் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்குத்தான் விலக்கு. அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கு விற்கும் வரிசையில் லீவர் ஆக்‌ஷன் இல்லை. ஆக, இங்கே ஒரு வின்செஸ்டர் இருக்கிறது என்றால் அது பழைய காலத்தில் வந்து, லைசென்ஸோடு கைமாறி வந்ததாகத்தான் இருக்கும். அப்படியே கிடைத்தாலும் அந்த அளவுக்கான தோட்டாவைத் தேடி அலைய வேண்டும். 150 வருடத்துக்கு முன்னால் தோட்டா சுலபமாகக் கிடைத்ததால் புகழ்பெற்ற துப்பாக்கி, இங்கே தோட்டா கிடைக்காமலே அலமாரிக்குப் போய்விடுகிறது.

அப்படியானால் இங்கே சட்டப்படி என்னென்ன உண்டு? கைத்துப்பாக்கியில் .32 போர்தான் பிரதானம். கான்பூர் ரிவால்வர், 'அஷானி' பிஸ்டல், பெண்களுக்கானது என்ற விளம்பரத்தோடு 2014-ல் வந்த 'நிர்பீக்', 2023-ல் வந்த 'பிரபல்' எல்லாம் இந்த அளவுதான். 9 எம்.எம். ராணுவ, போலீஸ் தோட்டா என்பதால் பொதுமக்களுக்கு இல்லை. ரைபிளில் .315 போர். ராணுவம் பயன்படுத்திய .303 மக்களிடம் போகக் கூடாது என்பதற்காக வந்த அளவு இது. 12 போரில் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல், பம்ப் ஆக்‌ஷன். பம்ப் ஆக்‌ஷன் நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலேயே தயாரானது.

பம்ப் ஆக்‌ஷனைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், அது லீவர் ஆக்‌ஷனுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. லீவரை இழுப்பதற்குப் பதிலாக முன்பிடியைப் பின்னால் இழுத்துத் தள்ள வேண்டும். தோளில் வைத்துச் சுடுவது, கையால் அடுத்த தோட்டா ஏற்றுவது, குழலுக்குக் கீழே குழாய் மேகசின் எல்லாம் அதே. வெளிநாட்டில் லீவர் கார்பைனுக்குச் சொல்லும் வசதிகளில் பெரும்பாலானவை இங்கே இந்த 12 போரில்தான் கிடைக்கின்றன.

அம்பத்தூர் பேங்க் வாசலில் பாருங்க

இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் வங்கி வாசலிலோ, ஏ.டி.எம்.முக்குப் பணம் ஏற்றும் வேன் பக்கத்திலோ நிற்கும் காவலரைப் பாருங்கள். தோளில் நீளமான 12 போர்தான். பொதுத்துறை வங்கிகள் இந்த வேலைக்கு முன்னாள் ராணுவத்தினரை எடுப்பது வழக்கம்.

"இந்தக் காலத்துல இவ்ளோ பழைய துப்பாக்கியா?" என்று கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால், அந்த வேலைக்கு அது பொருத்தமானது. காவலர் எதையும் மறைக்க வேண்டியதில்லை. துப்பாக்கி எல்லோர் கண்ணிலும் படுவதே பாதி பாதுகாப்பு. யாராவது பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடவும் முடியாது.

குண்டு எங்கே போய் நிற்கும்?

இதுதான் நம் பகுதிக்கு முக்கியமான கேள்வி. லீவர் கார்பைனைப் புகழும் அமெரிக்கர் பெரும்பாலும் சுற்றிலும் வெட்டவெளி உள்ள பண்ணையில் இருப்பார். அம்பத்தூரில் ஒரு வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு சமையலறை.

ஆற்றலை ஒப்பிட ஒரு எளிய கணக்கு. லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர்கன்னுக்கு விதிகள் வைத்திருக்கும் வரம்பு .177 அளவு, 20 ஜூல். .32 ரிவால்வர் சுமார் 150 முதல் 180 ஜூல். .357 தோட்டாவை லீவர் கார்பைனில் சுட்டால் ஆயிரம் ஜூலைத் தாண்டும். .315 ரைபிள் மூவாயிரத்துக்கும் மேல். ரைபிள் குண்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ மரக்கதவோ தகரமோ ஒரு பொருட்டே இல்லை. குறி தவறினால் அது கிலோமீட்டர் கணக்கில் போகும்.

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30-ம் தேதி நடந்தது ஞாபகம் இருக்கிறதா? துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தபோது, ஏறத்தாழ 2 கி.மீ. தொலைவில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் அந்தச் சிறுவன் இறந்துபோனான். சுட்டவர்கள் பயிற்சியில் இருந்த படையினர், இடம் அதற்கென்றே ஒதுக்கப்பட்ட தளம். அப்படியும் நடந்தது.

அதனால், திருநின்றவூர் தாண்டி வயல்வெளியில் இருப்பவருக்குப் பொருந்தும் துப்பாக்கி, கொரட்டூர் அபார்ட்மென்ட்டில் இருப்பவருக்குப் பொருந்தாது. 12 போரின் சில்லுகள் சீக்கிரமே வேகம் இழந்துவிடும் என்பது நெருக்கமான பகுதிக்கு அதன் பெரிய அனுகூலம். அதற்காக அது பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சினிமாவில் காட்டுவது போல அது விசிறியாகப் பரவி அறையையே நிரப்பாது. அறைக்குள்ளான தூரத்தில் சில அங்குலம்தான் விரியும். குறி பார்க்காமல் சுட்டால் அதுவும் தப்பும். உள் தடுப்புச் சுவரைத் துளைக்கவும் செய்யும்.

கைத்துப்பாக்கிக்கு ஆற்றல் குறைவு, ஆனால் குறி தவற வாய்ப்பு அதிகம். தவறிய குண்டுக்கும் ஒரு முகவரி இருக்கத்தான் செய்யும்.

லைசென்ஸ் யார்கிட்ட கேட்கணும்?

ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம், அம்பத்தூர் இப்போது சென்னை மாவட்டம். அதனால் கலெக்டர் ஆபீஸா, கமிஷனர் ஆபீஸா என்ற குழப்பம் சகஜம். ஆயுதச் சட்டத்தின்படி, போலீஸ் கமிஷனர் இருக்கும் பகுதியில் அவர்தான் அந்த அதிகாரி. ஆவடி போலீஸ் கமிஷனரகம் 2022 ஜனவரி 1 முதல் செயல்படுகிறது. அதன் எல்லைக்குள் இருப்பவர்கள் ஆவடி கமிஷனரிடமும், எல்லைக்கு வெளியே திருவள்ளூர் மாவட்டத்தின் மற்ற பகுதிகளில் இருப்பவர்கள் கலெக்டரிடமும் விண்ணப்பிக்க வேண்டும்.

வயது 21 முடிந்திருக்க வேண்டும். அடையாள, முகவரிச் சான்றுகளோடு உடல்நல, மனநலச் சான்றும், துப்பாக்கியை வைக்கப் பாதுகாப்பான இடம் இருக்கிறது என்ற உறுதிமொழியும் தேவை. லைசென்ஸ் கிடைத்தால் மத்திய உள்துறையின் ஆன்லைன் பதிவேட்டில் உங்களுக்கு ஒரு தனி எண் ஏறும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது.

விண்ணப்பத்தில் "தொழில் செய்கிறேன், பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் ரிவால்வருக்குத் 'தகுந்த காரணம்' ஆகாது. குறிப்பிட்ட மிரட்டல், அதற்குக் கொடுத்த புகார், எஃப்.ஐ.ஆர். போன்ற ஆதாரம் இருந்தால்தான் பேச்சே. கடைக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005 சட்டத்தின்படி உரிமம் பெற்ற ஏஜென்சி மூலம், ஆயுத லைசென்ஸ் உள்ள காவலரை அமர்த்துவது.

லைசென்ஸ் இருந்தால் கொள்ளையனைச் சுடலாமா என்ற கேள்விக்கும் பதில் சுருக்கமாகத்தான் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால், தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. ஓடிக்கொண்டிருப்பவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்வது கோர்ட்டில் கஷ்டம்.

தாத்தா துப்பாக்கி பரண்மேல இருக்கா?

உண்மையில் பல குடும்பங்களுக்கு வரும் சிக்கல் இதுதான். லைசென்ஸ் வைத்திருந்த தாத்தாவோ அப்பாவோ இறந்துவிடுவார். துப்பாக்கி பரணில் இருக்கும். வீட்டில் யாருக்கும் லைசென்ஸ் இருக்காது. அந்த நாளிலிருந்து அது சட்டவிரோதமாக வைத்திருக்கும் ஆயுதம். பரணில் இருப்பது பழைய வின்செஸ்டராக இருந்தாலும் சரி, துருப்பிடித்த இரட்டைக் குழலாக இருந்தாலும் சரி.

தாமதிக்காமல் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் திரும்பப் பெறலாம், இல்லையென்றால் லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கலாம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 7 முதல் 14 ஆண்டு.

கல்யாணத்திலோ கோயில் திருவிழாவிலோ ஜாலிக்காக வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர்களுக்கு ஆபத்து ஏற்படுத்தினால், லைசென்ஸ் இருந்தாலும் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலர்களுக்கும் போட்டிகளில் பங்கேற்கும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும் விலக்கு கிடைக்கும். மற்றவர்கள் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து, தேர்தல் நடைமுறை முடிந்தபின் அதைக் காட்டித் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் லைசென்ஸ் காலாவதியாகிறதா என்றும் ஒரு தடவை தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.